ஒருவரிடமே இரண்டும்

நான் சாலைக் கடைவீதி வியாபாரி, மருத்துவன் அல்லன். டவுன் சிண்ட்ரோம் உள்ள என் அண்ணன் மகன் முப்பது வயதில் பேச்சைக் குறைத்து, சோற்றையும் தள்ளியபோது, "அவன் அப்படித்தான்"னு இருந்துவிட்டோம். அந்தத் தவறே என்னைச் சரித்திரம் தேட வைத்தது.

நம் திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல மருத்துவமனை 1870இல் தோன்றியது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டம், அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநோயாளியையும் 'லூனடிக்' என்ற ஒரே சொல்லில் அடக்கிற்று. 1987ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்தது. சரிதான், ஆனால் ஒருவரிடமே இரண்டும் இருக்கலாமே! குறைபாட்டின் நிழலில் மனநோய் மறைந்துபோவதை 1982இல் ஸ்டீவன் ரைஸ் குழுவினர் அமெரிக்காவில் எடுத்துக்காட்டினர்.

டவுன் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு அதிகம். அதுவும் இப்படியே சோர்வாகத் தெரியும். மருத்துவர் முதலில் அதைச் சோதித்தார். பிறகே மனச்சோர்வு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். இப்போது பையன் கடையில் பொட்டலம் கட்டுகிறான். அன்பர்களே, பழக்கம் மாறினால் "அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.