லினக்ஸ் வன்தட்டு இடமாற்றம்

லினக்ஸ் வன்தட்டு இடமாற்றம் என்பது கணினியிலுள்ள லினக்ஸ் இயங்குதளத்தையும் பயனரின் கோப்புகளையும், மீண்டும் நிறுவாமல், கூடுதல் கொள்ளளவுள்ள வன்தட்டுக்கு மாற்றுவதாகும். தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகள், 320 ஜிபி வன்தட்டில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டையும் கொண்டிருந்தன. டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தால் 2007 இல் வெளியிடப்பட்டது. இத்தகைய கணினிகளுக்கும் கீழ்க்காணும் முறைகள் பொருந்தும்.

முறைகள்

படியெடுக்கும்போது கணினியை யூஎஸ்பி நினைவகத்திலுள்ள வேறொரு லினக்சிலிருந்து இயக்குவது வழக்கம். 'டிடி' கட்டளை பழைய தட்டை முதலிலிருந்து இறுதிவரை அப்படியே படியெடுக்கிறது. விண்டோஸ் பகுதியும் தொடக்க நிரலும் உடன் வருவதால் இரு இயங்குதளக் கணினிகளுக்கு இது ஏற்றது. ஆனால் மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் குறிப்பிட்டால், எதுவும் கேட்காமலேயே வெற்றுத் தட்டு மூலத்தின்மீது எழுதப்பட்டுவிடும். எனவே தட்டுகளின் கொள்ளளவை 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் முன்னதாகச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

'ஆர்சிங்க்' கோப்புகளை மட்டும் அவற்றின் உரிமைகளுடன் படியெடுக்கிறது. தொடக்க நிரலான 'கிரப்' அதில் வருவதில்லை. தனியே நிறுவ வேண்டும். புதிய பகுதியின் அடையாள எண்ணும் (யூயூஐடி) வேறாகையால் 'எஃப்எஸ்டேப்' கோப்பைத் திருத்த வேண்டும். இடமாற்று நினைவகப் பகுதியின் எண் ஒன்று தவறினாலும், சிஸ்டம்டி உள்ள கணினி தொடங்கும்போது 90 நொடிகள் வரை காத்து நிற்கலாம்.

கொள்ளளவு

படியெடுத்த மாத்திரத்தில் தட்டு பெரிதாகிவிடாது. முதலில் பகுதியையும், பின்னர் 'ரிசைஸ்2எஃப்எஸ்' கொண்டு கோப்பு முறைமையையும் விரிக்க வேண்டும். பழைய எம்பிஆர் அட்டவணை 512 பைட்டுக் கூறுகளில் ஏறத்தாழ 2 டிபி வரையே எட்டும். அதற்கு மேல் ஜிபிடி தேவை.

மின்தடை

யூஎஸ்பி 2.0 வழியே நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 320 ஜிபியைப் படியெடுக்க ஏறக்குறைய மூன்று மணி நேரமாகும். 2022 டிசம்பர் 9 இரவுக்கும் 10 அதிகாலைக்கும் இடையே மாண்டஸ் புயல் செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, கரையோர ஊர்களில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நேரத்தில் மடிக்கணினியின் மின்கலம் கணினியைக் காக்கும். தனி மின்னிணைப்புள்ள வெளித்தட்டைக் காக்காது. 'ஆர்சிங்க்' கட்டளையை மீண்டும் இட்டால் விடுபட்ட கோப்புகளிலிருந்து தொடரும். பகுதியொன்றை இடம்பெயர்க்கும் பணி பாதியில் நின்றால் தரவு அழியக்கூடும். ஆகவே விரிவாக்கத்தைப் புதிய தட்டில் மட்டுமே செய்தல் நலம்.

'டிடி' படியில் இரு தட்டுகளுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். இரண்டும் இணைந்திருந்தால், பயனர் அறியாமலேயே பழைய தட்டு இயங்கக்கூடும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதிலிருந்து தொடங்கிப் பார்த்த பின்னரே பழையதை அழிக்கலாம்.