நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பின்: பேறுகால மனச்சோர்வும் தமிழ் வீட்டின் நாட்காட்டியும்

பிரசவித்த பெண்ணைத் தொடர்ந்து கவனிக்கும் காலத்தை மருத்துவ நடைமுறை 42 நாள் என வரையறுக்கிறது. கருப்பை சுருங்கிப் பழைய நிலையை அடைய ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும் என்பது இந்தக் கணக்கின் பின்புலம். உடலுக்குப் பொருந்தும் இந்த அளவுகோலை மனத்துக்கும் பொருத்திவிட்டதே பேறுகால மனச்சோர்வும் பதற்றமும் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ்க் குடும்பத்தில் மகப்பேறு வேறொரு நாட்காட்டியின்படி நடக்கிறது. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு. அதையொட்டித் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு. பின்பு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையுடன் புகுந்த வீடு. இந்த ஒவ்வொரு பெயர்ச்சியிலும் அவளுக்குச் சமைத்துப் போடுபவர் யார், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்பவர் யார் என்பது மாறுகிறது. கண்காணிப்பு இந்தப் பெயர்ச்சிகளைப் பின்தொடர வேண்டும்.

கணியம்பாடி தரும் சான்று

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் எம். சந்திரன், பிரதாப் தரியன், ஜெயபிரகாஷ் முளியில், சுலோசனா ஆபிரகாம் ஆகியோர் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 359 பெண்களைச் சேர்த்து, அவர்களில் 301 பேரைப் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் சந்தித்தனர். புதிதாக மனச்சோர்வு கண்டோர் 11 விழுக்காடு. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவற்றோடு, மாமியாருடனும் பெற்றோருடனும் உள்ள பிணக்கும் நோயுடன் தொடர்புடையதாகக் காணப்பட்டது.

பெற்றோருடனான பிணக்கு இப்பட்டியலில் இருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. 'தாய்வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது நம்மிடையே ஊறிய நம்பிக்கை. பத்தியச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலும் பச்சை உடம்புக்காரிக்கு உண்மையிலேயே ஆறுதல் தரக்கூடியவை. ஆனால் வளைகாப்புக்கும் பிரசவச் செலவுக்கும் கடன் வாங்கிய தந்தையின் வீட்டில், அண்ணியின் முகக்குறிப்பைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியவளுக்குத் தாய்வீடு இன்னொரு புகுந்த வீடு. காப்பது வழக்கத்தின் பெயரன்று. அவ்வீட்டில் அவளுக்கு வாய்க்கும் உறவின் தன்மையே.

நோயின் தொடக்கமும் பிரசவ நாள் அல்ல. விக்ரம் படேல் குழுவினர் 2002இல் வெளியிட்ட கோவா ஆய்வில், 6–8 வாரத்தில் 23 விழுக்காட்டுத் தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் 78 விழுக்காட்டினர் கர்ப்ப காலத்திலேயே குறிப்பிடத்தக்க மன உளைச்சலில் இருந்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறாம் மாதத்திலும் நோய் நீடித்தது. 42 நாள் வரம்பு இரு முனையிலும் குறுகியது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

தந்தை நிற்கும் இடம்

இந்த நாட்காட்டியில் கணவனுக்கு உரிய இடம் விருந்தாளியின் இடம். மாமனார் வீட்டுக்கு வார இறுதியில் வருகிறான், குழந்தையைத் தூக்கிப் பார்க்கிறான், பஸ் ஏறிவிடுகிறான். பிள்ளை வளர்ப்பின் முழு நேர வாழ்க்கை அவனுக்கு மனைவி திரும்பும் நாளில்தான் தொடங்குகிறது. பால்சனும் பேஸ்மோரும் 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மகப்பேற்றை ஒட்டிய காலத்தில் தந்தையரிடம் மனச்சோர்வு ஏறக்குறைய 10 விழுக்காடு. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு இடைப்பட்ட பகுதியில் அது உச்சத்தில் இருந்தது. அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி மேலைநாட்டு ஆய்வுகள் என்பதால், அந்த உச்சத்துக்கும் நம் வழக்கத்துக்கும் காரணத் தொடர்பு கற்பிக்க இயலாது. ஆயினும், அங்கே தந்தையர் மிகவும் தளர்ந்த அதே மாதங்களில்தான் இங்கே பொறுப்பு மொத்தமாக அவன் தலையில் இறங்குகிறது. உதவிக்கரம் விலகும் அம்மாதங்களில் தாயையும் கேட்பாரில்லை.

ஆண்களிடம் நோய் வேறு முகம் காட்டுவதும் உண்டு. எரிச்சல், குடி, வேலையே கதியென்று இருப்பது ஆகியவற்றை ஊர் 'பொறுப்பு வந்துவிட்டது' என்றோ 'கெட்டுப்போய்விட்டான்' என்றோ படித்துவிடுகிறது. பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் காக்ஸ் குழுவினர் உருவாக்கிய எடின்பரோ வினாப்பட்டியலில் பத்து வினாக்கள். அவற்றில் மூன்று பதற்றத்தைத் தொடுபவை. தந்தையருக்கு இதைப் பயன்படுத்தும்போது தாய்மாரைவிட இரண்டு மதிப்பெண் குறைவான வரம்பைக் கொள்ள வேண்டும் என்று மாத்தே குழுவினர் 2001இல் பரிந்துரைத்தனர். அழுததை ஒப்புக்கொள்ள ஆண்கள் தயங்குவது அதற்கு ஒரு காரணம்.

ஓர் எதிர்வாதம்

ஏற்கெனவே பணிச்சுமையில் திணறும் கிராம சுகாதார செவிலியரின் தலையில் இந்தக் கண்காணிப்பையும் ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. அதிஃப் ரஹ்மான் குழுவினர் 2008இல் வெளியிட்ட பாகிஸ்தான் ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. மனநல மருத்துவம் பயிலாத ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள், கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் பத்தாம் மாதம்வரை வீடு தேடிச் சென்று மனச்சோர்வுற்ற தாய்மாருடன் பேசினர். ஆறாம் மாதத்தில் அவர்களில் 23 விழுக்காட்டினருக்கே நோய் எஞ்சியது. ஒப்பீட்டுக் குழுவில் அது 53 விழுக்காடு. சுமையைக் கூட்டாமல் தொடங்கவும் வழியுண்டு. குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசி போட வந்தாக வேண்டும். 14ஆம் வாரம் மூன்றாம் மாதப் பெயர்ச்சியை ஒட்டி வருகிறது. ஒன்பதாம் மாதத்துக்குள் அவள் பெரும்பாலும் புகுந்த வீட்டில் இருக்கிறாள். அப்போது தந்தையும் உடன் வரக்கூடும்.

முடிவு

மூன்று நேரங்களை இக்கட்டுரை முன்வைக்கிறது: வளைகாப்பை ஒட்டிய கர்ப்பகாலப் பரிசோதனை, 14ஆம் வாரத் தடுப்பூசி, ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. கேள்வி நோயின் பெயரில் தொடங்க வேண்டியதில்லை. 'இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள், ராத்திரி குழந்தை அழுதால் யார் எழுந்திருக்கிறார்கள்?' என்று கேட்டாலே பேச்சு பிறக்கும். வினாப்பட்டியல் அதற்குப் பின் வரட்டும். அதே கேள்வியைப் பக்கத்தில் தடுப்பூசி அட்டையைப் பிடித்தபடி நிற்பவனிடமும் கேட்க வேண்டும்.