வேதி ஆவிப் படிவு

வேதி ஆவிப் படிவு என்பது, வளிம நிலையில் உள்ள சேர்மங்களைச் சூடான ஒரு பரப்பின் மீது வேதிவினைக்கு உட்படுத்தி, அப்பரப்பில் திண்மப் பொருளை மென்படலமாகவோ நானோ அளவிலான கட்டமைப்பாகவோ வளர்க்கும் செய்முறை ஆகும். கணினிச் சில்லுகளில் உள்ள சிலிக்கான், சிலிக்கான் நைத்திரைடு, தங்குதன் படலங்கள், ஒளியுமிழ் இருமுனையங்களின் காலியம் நைத்திரைடு அடுக்குகள், வெட்டுக் கருவிகளின் கடினப் பூச்சுகள், கார்பன் நானோகுழாய்கள், கிராபீன், ஆய்வக வைரம் ஆகியன இம்முறையில் உருவாக்கப்படுகின்றன.

ஒரே மூலப் பொருளிலிருந்து வெவ்வேறு பொருள்களைப் பெற முடிவது இம்முறையின் சிறப்பாகும். எடுத்துக்காட்டாக, மெத்தேன் வளிமத்திலிருந்து கரித்தூள், நானோகுழாய், கிராபீன், வைரம் ஆகிய நான்கையும் பெறலாம். எது விளையும் என்பதை வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி, உடன் செலுத்தப்படும் வளிமம் ஆகியவை முடிவு செய்கின்றன.

அடிப்படைக் கருத்து

ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைத் திரட்டிக் கண்மை செய்வது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கம் ஆகும். எண்ணெயின் ஆவி வெப்பத்தால் சிதைந்து கார்பனாக மாறித் தட்டில் சேர்கிறது. ஆயினும் இது வேதி ஆவிப் படிவு ஆகாது. இங்குக் கார்பன் துகள்கள் சுடரினுள்ளேயே உருவாகிவிடுகின்றன. பின்னர் தட்டில் வந்து ஒட்டுகின்றன. அதனால் அக்கரி தட்டோடு பிணைப்பு இன்றி, விரலால் துடைத்தவுடன் வந்துவிடுகிறது.

வேதி ஆவிப் படிவில் வினை வளிமத்தின் நடுவில் நிகழாமல் பரப்பின் மீது நிகழ வேண்டும். அவ்வாறு நிகழும்போது அணுக்கள் பரப்பில் உரிய இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்து, அடர்த்தியான, உறுதியாகப் பற்றிய படலத்தைத் தருகின்றன. வளிமத்திலேயே துகள்கள் தோன்றுமானால் அவை படலத்தின் மேல் விழுந்து அதைப் பழுதாக்கும்.

திண்மப் பொருளை உருக்கி ஆவியாக்கியோ, அயனிகளால் தாக்கிச் சிதறடித்தோ படியவைக்கும் முறைகள் இயற்பிய ஆவிப் படிவு எனப்படும். அவற்றில் அணுக்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் ஆழமான குழிகளின் பக்கச் சுவர்களில் படலம் சீராகப் படிவதில்லை. வேதி ஆவிப் படிவில் வளிமம் குழிகளுக்குள்ளும் புகுவதால் எல்லாப் பக்கங்களிலும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் படலம் அமைகிறது.

செயல்படும் விதம்

படலம் வளர்வதைக் கீழ்க்காணும் படிகளாகப் பிரிக்கலாம்:

1. மூலச் சேர்மத்தின் ஆவி, தாங்கு வளிமத்துடன் வினைக்கலத்தினுள் செல்லுதல்.
2. அடித்தட்டை ஒட்டியுள்ள அசைவு குறைந்த வளிம அடுக்கின் வழியே மூலக்கூறுகள் விரவிப் பரப்பை அடைதல்.
3. மூலக்கூறுகள் பரப்பினால் கவரப்படுதல்.
4. பரப்பின் மேல் நகர்ந்து, சிதைந்து அல்லது பிறவற்றுடன் வினைபுரிந்து திண்மத்தைத் தருதல்.
5. திண்ம அணுக்கள் கூடிக் கருக்களாகி, அக்கருக்கள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைந்து படலமாதல்.
6. துணை விளைபொருள்கள் பரப்பை விட்டு நீங்கி, வெளியேற்றப்படுதல்.

இவற்றுள் எது மிக மெதுவாக நிகழ்கிறதோ அதுவே வளர்ச்சி வேகத்தைத் தீர்மானிக்கும். குறைந்த வெப்பநிலையில் பரப்பு வினை மெதுவாக நிகழும். அப்போது வெப்பநிலை சிறிது உயர்ந்தாலும் வேகம் பல மடங்கு கூடும். ஆகவே உலையின் எல்லாப் பகுதிகளிலும் வெப்பநிலை துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். உயர்ந்த வெப்பநிலையில் பரப்பு வினை விரைந்து நடப்பதால், மூலக்கூறுகள் பரப்பை வந்தடையும் வேகமே தடையாகிறது. அப்போது வளிமம் எல்லா இடங்களுக்கும் சமமாகச் சென்று சேரும்படி கலத்தின் வடிவத்தை அமைக்க வேண்டும்.

வளிமங்களின் விரவல் வேகம் அழுத்தத்துக்கு எதிர் விகிதத்தில் அமையும். அழுத்தத்தை வளிமண்டல அளவிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் விரவல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுகிறது. இதனாலேயே தாழ் அழுத்த உலைகளில் பல சிலிக்கான் வட்டுகளைச் சிறிய இடைவெளியில் செங்குத்தாக அடுக்கி, அனைத்தின் மேலும் ஒரே தடிப்பில் படலம் வளர்க்க முடிகிறது.

வகைகள்

* வளிமண்டல அழுத்த முறை: வெற்றிட ஏற்பாடு தேவையில்லை. கண்ணாடித் தகடுகள் உற்பத்தி வரிசையில் சூடாக இருக்கும்போதே அவற்றின் மேல் பூச்சிட இது பயன்படுகிறது.
* தாழ் அழுத்த முறை: சீரான தடிப்பைத் தருகிறது. சில்லுத் தயாரிப்பில் பெரிதும் பயன்படுகிறது.
* பிளாசுமா துணை முறை: மின்புலத்தால் வளிமத்தை அயனியாக்கி வினையைத் தூண்டுவதால் 200 முதல் 400 °செ வெப்பநிலையே போதுமானது. அதிக வெப்பம் தாங்காத அடித்தட்டுகளுக்கு ஏற்றது.
* கரிம உலோகச் சேர்ம முறை: மூவெத்தில்தொகுதி காலியம் போன்ற சேர்மங்களைக் கொண்டு குறைக்கடத்திப் படிகங்களை வளர்ப்பது.
* சூட்டிழை முறை: சுமார் 2000 °செ வரை சூடாக்கப்பட்ட தங்குதன் அல்லது தாந்தலம் இழையால் வளிமத்தைச் சிதைப்பது.

சில முக்கிய வினைகள்

* சிலேன் → சிலிக்கான் + ஐதரசன் (சுமார் 600 முதல் 650 °செ)
* இருகுளோரோசிலேன் + அமோனியா → சிலிக்கான் நைத்திரைடு + ஐதரசன் குளோரைடு + ஐதரசன் (700 முதல் 800 °செ)
* தங்குதன் அறுபுளோரைடு + ஐதரசன் → தங்குதன் + ஐதரசன் புளோரைடு
* டைட்டானியம் நாற்குளோரைடு + மெத்தேன் → டைட்டானியம் கார்பைடு + ஐதரசன் குளோரைடு

கார்பனின் வடிவங்கள்

நானோகுழாய்: அடித்தட்டின் மீது இரும்பு, கோபால்ட் அல்லது நிக்கலின் நானோதுகள்களை அமைத்து, 600 முதல் 900 °செ வெப்பநிலையில் அசெட்டிலீன், எத்திலீன் அல்லது மெத்தேன் செலுத்தப்படுகிறது. வளிமம் உலோகத் துகளின் மேல் சிதைந்து கார்பனைத் தருகிறது. துகளின் கொள்ளளவை மீறிய கார்பன் குழாய் வடிவில் வெளித்தள்ளப்படுகிறது. துகளின் விட்டமே பெரும்பாலும் குழாயின் விட்டத்தை முடிவு செய்கிறது. துகளை வெற்றுக் கார்பன் முழுவதுமாக மூடிவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

கிராபீன்: சுமார் 1000 °செ வெப்பநிலையில் செப்புத் தகட்டின் மேல் மெத்தேனும் ஐதரசனும் செலுத்தப்படுகின்றன. செம்பு கார்பனை மிகக் குறைவாகவே கரைக்கும். எனவே பரப்பை ஓர் அணு தடிப்புள்ள கார்பன் ஏடு மூடியபின், மெத்தேனைச் சிதைக்கும் செம்பு வெளியே தெரிவதில்லை. வளர்ச்சி தானாகவே பெரிதும் அடங்குகிறது. நிக்கல் கார்பனை மிகுதியாகக் கரைப்பதால், குளிரும்போது பல அடுக்குகள் வெளிப்படுகின்றன.

வைரம்: இயல்பான அழுத்தத்தில் கார்பனின் நிலையான வடிவம் கிராபைட்டு ஆகும். எனவே தாழ் அழுத்தத்தில் வைரம் வளர்வது இயலாதது எனப் பலர் கருதினர். தீர்வு ஐதரசனில் இருந்தது. மெத்தேன் சில விழுக்காடு மட்டுமே உள்ள ஐதரசனை மைக்ரோ அலைப் பிளாசுமாவாலோ சூட்டிழையாலோ தனி அணுக்களாகப் பிரிக்கின்றனர். இவ்வணுக்கள் 700 முதல் 1000 °செ வெப்பநிலையில் உள்ள அடித்தட்டின் மேல் படியும் கிராபைட்டை, வைரத்தைக் காட்டிலும் மிக விரைவாக அரித்து நீக்குகின்றன. வைரப் பரப்பின் நிறைவுறாப் பிணைப்புகளை மூடி, அது கிராபைட்டாக மாறாமலும் காக்கின்றன. வளர்ச்சி மெதுவானது. ஒரு மணிக்கு 10 மைக்ரோமீட்டர் வீதம் வளர்ந்தால் 1 மில்லிமீட்டர் தடிப்புக்கு 100 மணி நேரம் தேவைப்படும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்விளக்குகளின் கார்பன் இழைகளை ஐதரோகார்பன் ஆவியில் சூடாக்கி, அவற்றின் மேல் கார்பனைப் படியச் செய்து உறுதியாக்கினர். 1890 இல் லுட்விக் மாண்டு குழுவினர் நிக்கல் கார்பனைல் என்னும் எளிதில் ஆவியாகும் சேர்மத்தைக் கண்டறிந்தனர். அச்சேர்மத்தைச் சிதைத்துத் தூய நிக்கல் பெறும் முறை இதிலிருந்து தோன்றியது. 1925 இல் வான் ஆர்க்கல், தெ போவர் ஆகியோர் அயோடைடு ஆவியைச் சூடான இழையில் சிதைத்துத் தூய சிர்கோனியம் போன்ற உலோகங்களைப் பெற்றனர்.

1952 ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் வில்லியம் எவர்சோல் தாழ் அழுத்தத்தில் வைரத்தை வளர்த்தார். 1950களில் சோவியத் ஒன்றியத்தில் தெர்யாகின் குழுவினரும் இத்துறையில் உழைத்தனர். 1980களின் தொடக்கத்தில் சப்பானிய ஆய்வாளர்கள் சூட்டிழை, மைக்ரோ அலை முறைகளை வெளியிட்ட பின்னரே இது உலகெங்கும் பரவியது.

1964 இல் பெல் ஆய்வகத்தின் வாக்னர், எல்லிசு ஆகியோர் உருகிய தங்கத் துளியின் கீழ் சிலிக்கான் இழைகள் வளர்வதை விளக்கினர். நானோகம்பி வளர்ப்பின் அடிப்படை இதுவே. 1968 இல் மானசேவிட்டு கரிம உலோகச் சேர்ம முறையை வெளியிட்டார். இம்முறையால் வளர்க்கப்பட்ட காலியம் நைத்திரைடு நீல ஒளியுமிழ் இருமுனையத்துக்கு வழிவகுத்தது; அதற்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகியோர் 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர். செப்புத் தகட்டின் மேல் கிராபீன் வளர்க்கும் முறையை 2009 இல் டெக்சாசு பல்கலைக்கழகத்தின் ருவோஃப் குழுவினர் வெளியிட்டனர்.

இந்தியாவில்

பெங்களூரில் சி. என். ஆர். ராவ் குழுவினர், பெரோசீன் என்னும் கரிம இரும்புச் சேர்மத்தை ஆவியாக்கிச் சிதைத்துக் கார்பன் நானோகுழாய்களைப் பெறும் முறையை 1997 இல் வெளியிட்டனர். பெரோசீனின் ஒரே மூலக்கூறு வினையூக்கியான இரும்பையும் மூலப்பொருளான கார்பனையும் தருவதால் வினையூக்கியைத் தனியே அமைக்க வேண்டியதில்லை. 1998 இல் ஒரே திசையில் அடுக்கப்பட்ட குழாய்க் கற்றைகளையும், 2000 இல் ஒன்று இரண்டாகக் கிளைக்கும் குழாய்களையும் இக்குழுவினர் உருவாக்கினர்.

எளிதில் கிடைக்கும் தாவரப் பொருள்களை மூலப்பொருளாகக் கொள்வது இந்திய ஆய்வாளர்கள் பலர் ஈடுபட்ட துறையாகும். ஒரு மூலக்கூற்றில் 10 கார்பன் அணுக்கள் உள்ளதும் எளிதில் ஆவியாவதுமான கற்பூரம் இதற்கு மிக ஏற்றது. சப்பானின் மெய்சோ பல்கலைக்கழகத்தில் முகுல் குமார், அண்டோ ஆகியோர் கற்பூரத்திலிருந்து ஒழுங்காக நிற்கும் நானோகுழாய்களை வளர்த்து 2003 இல் வெளியிட்டனர். 2006 இல் சோமானி குழுவினர் கற்பூரத்திலிருந்து மெல்லிய கிராபீன் அடுக்குகளைப் பெற்றனர். காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேப்பெண்ணெயில் பெரோசீனைக் கரைத்துச் சூடான குழாயினுள் தூவி நானோகுழாய்க் கற்றைகளை வளர்த்ததை 2011 இல் அறிவித்தனர். விளக்கில் எரித்தால் கரி தரும் பொருள், காற்று நீக்கிய உலையில் இரும்புத் துகளின் மேல் குழாயாக வளர்வதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ப்பு மையத்தில் காலியம் நைத்திரைடு படலங்கள் ஆவி நிலையிலிருந்து வளர்க்கப்பட்டு ஆராயப்பட்டுள்ளன. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் காலியம் நைத்திரைடு நானோகம்பிகளும் நானோபடிக வைரப் படலங்களும் வளர்க்கப்பட்டுள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வெட்டுக் கருவிகளுக்கான வைரப் பூச்சுகள் ஆராயப்பட்டு வந்தன.

2023 பிப்ரவரியில் தாக்கலான நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆய்வக வைரத்துக்கான ஆராய்ச்சி நிதி அறிவிக்கப்பட்டது. அதன்படி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கென மையம் அமைக்க ஐந்து ஆண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இத்தொழில்நுட்பம் நாட்டுக்குத் தேவைப்படுவதன் காரணம் தெளிவானது. வைரம் பட்டை தீட்டுவதில் சூரத்து நகரம் உலகின் முதன்மை இடம் வகிக்கிறது. அங்கு ஆவிப் படிவு வைரமும் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. ஆனால் வளர்ச்சியைத் தொடங்க உதவும் மெல்லிய வைர வித்துகளுக்கும் மைக்ரோ அலை உலைகளுக்கும் இறக்குமதியைச் சார்ந்திருக்கும் நிலை உள்ளது. அதே வரவுசெலவுத் திட்டத்தில் வித்துகளின் மீதான சுங்க வரியும் நீக்கப்பட்டது. 2010களின் பிற்பகுதியிலிருந்து ஆய்வக வைரங்களின் விலை பெரிதும் வீழ்ந்துள்ளதால், அணிகலன் அல்லாத பயன்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. செம்பைக் காட்டிலும் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் வைரத் தகடுகளை மின்னணுக் கருவிகளின் குளிர்விப்பான்களாகப் பயன்படுத்தலாம்.

ஆய்வக வைரமும் இயற்கை வைரமும் வேதி அமைப்பில் ஒன்றே என்பதால் கண்ணால் வேறுபடுத்த இயலாது. அடுக்கடுக்காக வளர்ந்ததற்கான ஒளிர்வுக் கோடுகள், கலத்தின் கண்ணாடிப் பகுதிகளிலிருந்து கலக்கும் சிலிக்கானால் 737 நானோமீட்டரில் தோன்றும் ஒளிர்வு ஆகியவற்றைக் கொண்டு ஆய்வுக்கூடங்கள் பிரித்தறிகின்றன.

இடர்களும் பாதுகாப்பும்

இம்முறையில் பயன்படும் வளிமங்கள் பல பேரிடர் தருவன. சிலேன் காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பற்றும். ஆர்சீன், பாசுபீன், நிக்கல் கார்பனைல் ஆகியன கடும் நச்சுத்தன்மை உடையவை. ஐதரசன் காற்றுடன் கலந்தால் வெடிக்கும். எனவே வினையைத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஆர்கான் அல்லது நைட்ரசன் செலுத்திக் கலத்தைத் தூய்மையாக்குதல், கசிவு உணரிகளைப் பொருத்துதல், வெளியேறும் வளிமங்களை எரித்தோ நீரில் கழுவியோ நஞ்சு நீக்குதல் ஆகியன இன்றியமையாதவை. கலங்களைத் தூய்மை செய்யப் பயன்படும் நைட்ரசன் முப்புளோரைடு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப் போல் சுமார் 17,000 மடங்கு புவி வெப்பமாதல் விளைவு உடையது. ஆதலால் அதையும் வெளியே விடாமல் சிதைத்துவிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மென்படலம்
* கார்பன் நானோகுழாய்
* கிராபீன்
* குறைக்கடத்தி
* செயற்கை வைரம்