படம் காட்டிய வழி

வில்லாபுரத்தில் வாழும் நான், ஆசிரியராயிருந்த நாளில், பாடநூலுக்குள் சித்திரக்கதையை ஒளித்துவைத்துப் படித்த மாணவன் ஒருவனைக் கடிந்ததுண்டு. அது என் பிழை என்பதை வரலாறே எனக்கு உணர்த்தியது.

1904-ஆம் ஆண்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராயிருந்தவர் பாரதியார். பின்னர் அவர், 1906-இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். தமிழ் இதழ்களில் அக்கலைக்கு வழி வகுத்தவர் அவரே. எழுத்தறிந்தோர் சிலராயிருந்த அக்காலத்தில், அந்நிய ஆட்சியின் கொடுமையைப் பாமரர்க்கும் உணர்த்தவல்லது படமன்றோ? 1908-இல், இதழின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன், இதழில் வந்த எழுத்துகளுக்காக அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறை புகுந்தார். பாரதியார் புதுச்சேரி சென்றார். இதழும் அங்கே சென்று, 1910-இல் நின்றது.

பெரியோர்க்கு அரசியலைப் புகட்டிய படம், பிற்காலத்தில் சிறுவர்க்கு எழுத்தையும் புகட்டியது. 1942-இல் நம் மதுரையிலே பிறந்த ‘தினத்தந்தி’, 1960-இல் ‘கன்னித்தீவு’ என்னும் சித்திரத் தொடரைத் தொடங்கிற்று. நாள்தோறும் சில கட்டங்கள். கட்டத்திற்குச் சில வரிகள். படத்தை நாடிய கண், எழுத்தையும் கூட்டிப் படித்தது. நான் கடிந்த மாணவன் அவ்வாறே வாசிக்கக் கற்றான் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஆதலின், நாளிதழில் படம் வரைவோரை வெறும் வேடிக்கைக்காரர் என எண்ணாதீர்கள். அவரும் ஓர் ஆசிரியரே.