ஊர்க்கதை: ஒரகடம் வட்டாரம்

ஊர்க்கதை என்பது ஓர் ஊரில் குடியிருப்போர் அவ்வூரைப் பற்றித் தாமே சொல்லிப் பகிர்ந்துகொள்ளும் நினைவுகளின் தொகுதி. தெய்வத்தை நடுவில் வைக்கும் தலபுராணம் இதில் சேராது. ஏரி, களம், தெரு, பங்காளி, பிழைப்பு ஆகியவையே இதன் பொருள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இதற்கு நெடிய ஆவண மரபு உண்டு.

இவ்வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டு ஜாகீர் 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இங்கே சுமார் 2,000 ஊர்களை அளந்தார். அளவை அவருடையது, விவரம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளுடையது. எந்தத் தொழில் செய்வோருக்கு எத்தனை வீடு, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, களத்தில் நெல் அளக்கும்போது தச்சருக்கும் வெட்டியானுக்கும் கோயிலுக்கும் போகும் பங்கு எவ்வளவு என்று எல்லாம் ஓலையில் ஏறின. அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. வரிக்காக எழுதிய கணக்குத்தான். ஆனாலும் ஓர் ஊர் எப்படிச் சேர்ந்து சாப்பிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் அரிது.

அடுத்து வந்தவை கைபீதுகள். நில அளவையாளர் காலின் மெக்கன்சியும் (1754–1821) அவருடைய உதவியாளர்களான காவலி சகோதரர்களும் ஊர் ஊராக முதியோரிடம் கேட்டு எழுதுவித்தவை இவை. தொண்டைமண்டலத்தில் குறும்பர் கட்டிய கோட்டைகளும், ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவர்களை வென்று வேளாளரைக் குடியேற்றியதும் இவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. இது நிலவுரிமை கோரிய மிராசுதாரர்களின் கதை. 1818-இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் வெளியிட்ட மிராசு ஆய்விலும் அவர்கள் குரலே ஓங்கி ஒலிக்கிறது. உழுத பண்ணையாட்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்ற செய்தி அதிகாரபூர்வமாகப் பதிவாக 1891 ஆயிற்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அவ்வாண்டு அளித்த அறிக்கையிலிருந்துதான் தாழ்த்தப்பட்டோருக்கான பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. இவ்வட்டாரத்து ஊர்க்கதையை அறிய முதலில் படிக்க வேண்டியது அந்த அறிக்கையே.

இவ்வட்டாரத்துக்கு வெளியே, அச்சில் ஊர்க்கதை தன்வரலாற்றோடு கலந்தது. உ.வே.சாமிநாதையர் 1940-இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய ‘என் சரித்திரம்’ உத்தமதானபுரம் என்ற ஊரின் கதையோடுதான் ஆரம்பமாகிறது. இலங்கைப் போரால் சிதறிய யாழ்ப்பாணத்தார் லண்டனிலும் டொரொண்டோவிலும் ஊர்ச் சங்கம் வைத்து மலர் வெளியிட்டார்கள். பின்னர் ஊருக்கோர் இணையதளமும் வந்தது. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டம் இத்தகைய மலர்களையும் ஊர் நூல்களையும் மின்னாக்கி வருகிறது.

ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸான், 2012-இல் டைம்லர் என ஆலைகள் வந்தபின் சொல்பவர்கள் மாறினார்கள். இன்று கதை பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, ஷிப்ட் பஸ்ஸில் போய்வரும் இளைஞர்களுடையது. அது கைப்பேசியில் பகிரப்படுகிறது. 2021 டிசம்பரில் ஒரு விடுதியின் உணவால் பலர் நோயுற்றபோது, பெண் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்து, தரையில் நெருக்கியடித்துப் படுத்த அறைகளைப் பற்றி வெளியே சொன்னார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை அரசு திறந்தது.