நுரையீரல் உறை நீர்க்கோப்பு

நுரையீரலைப் போர்த்திய சவ்வுக்கும் நெஞ்சுக்கூட்டின் உட்புறச் சவ்வுக்கும் இடையில் அளவுக்கு மீறி நீர் சேரும் நிலை இது. இரண்டு சவ்வுகளும் உரசாமல் வழுக்கிச் செல்வதற்காகச் சில மில்லிலிட்டர் நீர் அங்கே எப்போதும் ஊறி வடிந்துகொண்டிருக்கும். ஊறுவது மிகுந்தாலோ வடிவது தடைபட்டாலோ நீர் தேங்கி, நுரையீரலை விரியவிடாமல் அழுத்தும். காற்றறைகளுக்குள்ளேயே நீர் நிறைவது வேறு நிலை. அதற்கான மருத்துவமும் வேறு.

நீர்க்கோப்பு தனி நோயன்று, மற்றொரு நோயின் விளைவு. இதயம் தளர்தல், கல்லீரல் சுருக்கம், சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறுதல் ஆகியவற்றில் சவ்வு கெடாமலே நீர் கசிகிறது. நிமோனியா, காசநோய், புற்றுநோய் போன்றவை சவ்வையே தாக்குவதால் புரதம் செறிந்த நீர் சுரக்கிறது. இந்தியாவில் இளவயதினருக்கு ஒருபக்கம் மட்டும் நீர் கோத்தால் மருத்துவர் முதலில் ஐயுறுவது காசநோயைத்தான்.

மூச்சிரைப்பு, வறட்டு இருமல், மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்தல் ஆகியவை அறிகுறிகள். நீர் பெருகிச் சவ்வுகள் விலகியதும் குத்தல் தணிவதுண்டு. அதைக் குணமென்று நம்பிவிடக் கூடாது.

நெஞ்சைத் தட்டி, மந்தமான ஒலியைக் கொண்டு நீரை அறியும் முறையை லியோபோல்ட் அவன்புரூக்கர் 1761இல் வியன்னாவில் வெளியிட்டார். இன்றும் மருத்துவரின் விரல்கள் செய்யும் முதல் சோதனை அதுவே. நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் சேர்ந்த பிறகே நீர் தென்படும். ஸ்கேன் அதைவிடக் குறைந்த அளவையும் காட்டிவிடும்.

காரணத்தைச் சொல்லுவது நீர்தான். முதுகுப்புறம் மரக்கவைத்து, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி செலுத்துவார்கள். கீழ் விளிம்பில் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நீரிலும் இரத்தத்திலும் உள்ள புரதத்தையும் எல்டிஹெச் நொதியையும் ஒப்பிட்டு வகை பிரிக்க, ரிச்சர்ட் லைட் 1972இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பொதுவாக ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. அமுங்கிய நுரையீரல் சட்டென விரிந்தால் அதனுள்ளேயே நீர் கசியக்கூடும்.

சீழ் பிடித்திருந்தால் குழாய் வைத்து வடிக்க வேண்டும். புற்றுநோயில் நீர் மீண்டும் மீண்டும் கோக்கும்போது டால்க் தூளைச் செலுத்திச் சவ்வுகளை ஒட்டவைப்பதுண்டு. இதயத் தளர்ச்சியில் சிறுநீர் பெருக்கும் மாத்திரையே பெரும்பாலும் போதும். காசநோயென்றால் பொதுவாக 6 மாத மருந்து. இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நீரை எடுத்ததும் மூச்சு இலகுவாகிவிடும். அந்த நிம்மதியில் மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.