பல்பு ஹோல்டரா, மிக்ஸி கப்ளரா? இரண்டு கேம் பெட்டிகளின் ஹார்டு டிஸ்க்

வீட்டில் பல்பு போய்விட்டால் எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கலாம். எந்தக் கம்பெனி பல்பும் அதே ஹோல்டரில் மாட்டும். மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்தால் அப்படி முடியாது. "எந்தக் கம்பெனி, எந்த மாடல்?" என்று கடைக்காரர் கேட்பார், தேய்ந்த துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளுக்கும் இந்த இரண்டு வழிகள் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் பல்பு ஹோல்டர் வழியில் போனது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் மிக்ஸி கப்ளர் வழியில் போனது. ஹார்டு டிஸ்க் நிரம்பி, பெரிதாக ஒன்று போட வேண்டும் என்ற நாளில்தான் இந்த வித்தியாசம் வாங்கியவருக்கு உறைக்கும்.

சென்னையில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர் ஒரு கேமை அழித்துவிட்டு, வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்வார். காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் இருக்கும் பெருநகர் என்ற ஊரில், நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் மொபைல் பேக்கை மட்டும் நம்பி இருப்பவருக்கு 60 ஜி.பி. கேம் என்பது 40 நாள் டேட்டா. கேமை இறக்காமல் கடையில் டிஸ்க்காக வாங்கினாலும் இடப் பிரச்சினை தீராது. பிளேஸ்டேஷன் 4 அதை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டும். அழிப்பதற்கு ஒரு நிமிஷம். திரும்பக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல். அதனால் இங்கே பெரிய ஹார்டு டிஸ்க் என்பது ஆடம்பரம் இல்லை, குதிர்.

முதலில், உதிரி கிடைப்பதைப் பார்ப்போம். எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது 2006 செப்டம்பரில். அதன் 20 ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் பெட்டியின் மேல் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது லேப்டாப்பில் போடும் சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான். ஆனால் அதில் கம்பெனியின் முத்திரை ஒன்று எழுதப்பட்டிருக்கும். அது இல்லாத டிஸ்க்கைப் பெட்டி ஏற்காது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கிய அதே அளவு டிஸ்க் அங்கே செல்லாக் காசு. 2010இல் மெல்லிய மாடல் வந்தபோது கூட்டின் வடிவமும் மாறியது. பழைய கூடு புதிய பெட்டிக்குப் பொருந்தவில்லை.

பிளேஸ்டேஷன் 3 வெளிநாடுகளில் வெளிவந்தது 2006 நவம்பரில். நீல நிற ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி இழுத்தால் டிஸ்க் தட்டோடு வெளியே வரும். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4லும் இதே ஏற்பாடு, 500 ஜி.பி.யை எடுத்துவிட்டு எந்தக் கம்பெனியின் 2.5 அங்குல டிஸ்க்கையும், 1 டி.பி.யோ 2 டி.பி.யோ, போடலாம். கவனிக்க வேண்டியது தடிமன். 9.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உள்ளே போகாது. 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள 4 டி.பி. டிஸ்க்கை வாங்கி ஏமாறக் கூடாது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்புகளில் இருந்ததும் இந்த 2.5 அங்குல ரகம்தான். அந்த லேப்டாப்பைப் பழுதுபார்க்கும் கடை எங்கே இருக்கிறதோ, அங்கேயே பிளேஸ்டேஷனுக்கும் உதிரி கிடைத்துவிடும்.

மாற்றும் வேலையில் எக்ஸ்பாக்ஸ் 360 ஜெயிக்கிறது. திருப்புளி வேண்டாம், பட்டனை அழுத்தி ஒன்றை எடுத்து இன்னொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. பிளேஸ்டேஷன் 4ல் மாட்டுவது பாதி வேலைதான். புது டிஸ்க்கில் சிஸ்டம் மென்பொருளே இருக்காது. அதைப் பென் டிரைவில், 'பிஎஸ்4' என்ற ஃபோல்டருக்குள் 'அப்டேட்' என்ற ஃபோல்டரில் வைத்து, சேஃப் மோடில் ஏற்ற வேண்டும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில். வழக்கமான அப்டேட், முழு மென்பொருள் என்று கோப்புகள் இரண்டு. பெயரோ இரண்டுக்கும் ஒன்றே. புது டிஸ்க்குக்கு வேண்டியது ஏறக்குறைய 1 ஜி.பி. வரும் முழுக் கோப்பு. சின்னதை இறக்கியவர் அன்றைய டேட்டாவை இழந்து மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

திறந்த வழியில் போன சோனியும் உள்ளே பூட்டு வைத்திருக்கிறது. டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அந்தப் பெட்டிக்கே உரிய சங்கேதத்தில். அதைக் கழற்றி இன்னொரு பிளேஸ்டேஷனில் மாட்டினால் 'ஃபார்மேட் செய்' என்று கேட்கும். எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கையோ நண்பன் வீட்டுக்கு எடுத்துப்போய், சேமித்த ஆட்டத்தை அங்கேயே தொடரலாம். ஒன்றில் உதிரிக்குச் சுதந்திரம். இன்னொன்றில் உதிரிக்குள் இருப்பதற்குச் சுதந்திரம்.

அடுத்த தலைமுறையில் நிலைமை கொஞ்சம் புரண்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் உள் டிஸ்க்கைப் பயனர் மாற்ற வழி வைக்கவில்லை. அதற்கு ஈடாக 2014 ஜூனிலேயே யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் மாட்ட விட்டார்கள். பிளேஸ்டேஷன் 4க்கு அந்த வசதி 2017 மார்ச்சில்தான் வந்தது. 2020இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பழைய குணத்துக்கே திரும்பியது: தனித் துளை, அதற்கென்றே சீகேட் செய்த 1 டி.பி. கார்டு. பிளேஸ்டேஷன் 5 தன் உள் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிட்டு, பக்கத்தில் கணினிகளில் போடும் எம்.2 எஸ்.எஸ்.டி.க்குக் காலி இடம் விட்டது. அந்த இடம் உயிர்பெற 2021 செப்டம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பாக்ஸ் கார்டு முதல் நாளிலேயே வேலை செய்தது. இரண்டு பெட்டியிலும் இந்தத் தலைமுறைக்கான கேமை யு.எஸ்.பி. டிஸ்க்கில் வைத்து ஓட்ட முடியாது, சேர்த்து வைக்கலாம். 40 நாள் டேட்டாவை மிச்சம் பிடிக்க அதுவே போதும். குதிரில் கிடக்கட்டும், ஆக்கும்போது அள்ளிக்கொள்ளலாம்.

திருப்புளியைத் தொட அஞ்சுபவருக்கு எக்ஸ்பாக்ஸின் வழி நிம்மதி. பக்கத்து டவுனில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டிய ஊருக்கு பிளேஸ்டேஷனின் வழிதான் தோது. கழற்றிய பழைய டிஸ்க் என்ன ஆகிறது என்று பார்த்தாலே இது புரியும். எக்ஸ்பாக்ஸ் 360இன் 20 ஜி.பி. கூடு பரணில் கிடக்கும். அந்த மாடல் பெட்டியைத் தவிர வேறெதற்கும் அதை அப்படியே மாட்ட முடியாது. பிளேஸ்டேஷன் 4இலிருந்து எடுத்த 500 ஜி.பி.யை ஃபார்மேட் செய்து, அக்காவின் அரசு லேப்டாப்பில் பழுதான டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்டுவிடலாம்.